பாக்டீரியா செல்லின் அமைப்பும் பகுதிகளும்

கற்றல் நோக்கங்கள்

இப்பாடத்தைக் கற்றபின் மாணவர்கள்
- பாக்டீரியா செல்லின் பகுதிகளை வெளியிலிருந்து உள்நோக்கி வரிசைப்படுத்தி விளக்குவர்.
- கிராம் சாயமேற்றல் முறையின் முடிவுகளுக்குச் செல் சுவரின் அமைப்பைக் கொண்டு காரணம் கூறுவர்.
- உயிர் எதிர்ப்பொருள்கள் பாக்டீரியா செல்லின் எந்தெந்தப் பகுதியைத் தாக்குகின்றன என்பதை அறிவர்.
- மருந்து எதிர்ப்புத்திறன் தோன்றிப் பரவும் விதத்தை உணர்ந்து, பொறுப்புடன் மருந்து உட்கொள்ளும் பழக்கத்தைப் பெறுவர்.

1. அறிமுகம்

பாக்டீரியாவால் தொண்டையில் தொற்று ஏற்பட்ட ஒருவருக்குப் பெனிசிலின் கொடுக்கப்படுகிறது. அம்மருந்து குருதியில் கலந்து உடல் முழுவதும் செல்கிறது. கோடிக்கணக்கான மனிதச் செல்களைக் கடந்து சென்றும் அவற்றை அழிக்காமல், பாக்டீரியாவை மட்டும் அழிக்கிறது. ஆனால் அதே மருந்து வைரஸால் வரும் சளிக்காய்ச்சலைத் தீர்ப்பதில்லை. பாக்டீரியாக்களுள் ஒன்றான மைக்கோபிளாஸ்மாவையும் அதனால் அழிக்க இயலாது.

இம்மூன்று உண்மைகளையும் விளக்கும் காரணம் ஒன்றே. பெனிசிலின் தாக்கும் இலக்கு பாக்டீரியாவின் செல் சுவர். மனிதச் செல்லிலும் வைரஸிலும் மைக்கோபிளாஸ்மாவிலும் அச்சுவர் இல்லை. ஆகவே பாக்டீரியா செல்லின் அமைப்பைக் கற்பது பகுதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு முடிவதன்று. எந்த மருந்து எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதை அறிவதற்கும் அதுவே அடிப்படை.

2. அளவும் வடிவமும்

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த துணி வணிகர் ஆன்டன் வான் லூவன்ஹாக், தாமே தேய்த்து உருவாக்கிய ஒற்றை வில்லை நுண்ணோக்கியால் பாக்டீரியாவை முதன்முதலில் கண்டார். அச்செய்தியை 1676இல் லண்டன் ராயல் கழகத்திற்குக் கடிதமாக எழுதி அனுப்பினார்.

பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.5 முதல் 5 மைக்ரோமீட்டர் வரை அளவுடையவை. ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வடிவத்தின் அடிப்படையில் இவை கோள வடிவ காக்கஸ், கோல் வடிவ பேசில்லஸ், சுருள் வடிவ ஸ்பைரில்லம், காற்புள்ளி வடிவ விப்ரியோ எனப் பிரிக்கப்படுகின்றன.

பாக்டீரியா செல் புரோகேரியோட்டிக் வகையைச் சார்ந்தது. இதில் உட்கரு உறை இல்லை. மைட்டோகாண்ட்ரியா, கோல்கை உறுப்புகள், எண்டோபிளாச வலை போன்ற சவ்வு சூழ்ந்த நுண்ணுறுப்புகளும் இல்லை. உருவத்தில் சிறியதாக இருப்பதால், கனஅளவை நோக்க இச்செல்லின் புறப்பரப்பு மிகுதி. எனவே உணவுப்பொருள்கள் விரைவாக உட்புகுகின்றன. கழிவுகள் விரைவாக வெளியேறுகின்றன. பெருக்கமும் விரைவாக நிகழ்கிறது. தகுந்த சூழலில் எஸ்செரிசியா கோலை 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிளவுறும். உணவு குறையாமல் இதே வேகம் நீடித்தால், ஒரு செல் 10 மணி நேரத்தில் 30 முறை பிளவுற்று 107 கோடிக்கும் மேற்பட்ட செல்களாகப் பெருகிவிடும். மருந்து எதிர்ப்புத்திறனைப் பற்றிப் படிக்கும்போது இக்கணக்கை நினைவில் கொள்ள வேண்டும்.

3. கிளைக்கோகேலிக்ஸ்

பல பாக்டீரியாக்களின் செல் சுவருக்கு வெளியே பாலிசாக்கரைடுகளாலோ புரதங்களாலோ ஆன ஓர் அடுக்கு காணப்படுகிறது. இது கிளைக்கோகேலிக்ஸ் எனப்படும். இவ்வடுக்கு தளர்வாக இருப்பின் வழவழப்பு அடுக்கு என்றும், கெட்டியாகச் செல்லுடன் ஒட்டி இருப்பின் காப்சூல் என்றும் பெயர் பெறும். பற்களின் மீது படியும் பற்படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியா ஒட்டிக்கொள்வதற்கு, அது சர்க்கரையிலிருந்து உருவாக்கும் பசைத்தன்மையுள்ள பாலிசாக்கரைடே காரணம்.

காப்சூல் பாக்டீரியாவை உலர்ந்துபோகாமல் காக்கிறது. அதனினும் முதன்மையாக, வெள்ளையணுக்கள் அதனை விழுங்கிவிடாமல் தடுக்கிறது. 1928இல் பிரெட்ரிக் கிரிஃபித் நிமோனியா பாக்டீரியாவைக் கொண்டு செய்த ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. காப்சூல் உள்ள பாக்டீரியாவைச் செலுத்தியபோது எலிகள் இறந்தன; காப்சூல் அற்றதைச் செலுத்தியபோது பிழைத்தன. ஆனால் வெப்பத்தால் கொல்லப்பட்ட காப்சூல் உள்ள பாக்டீரியாவையும், உயிருள்ள காப்சூல் அற்ற பாக்டீரியாவையும் சேர்த்துச் செலுத்தியபோது எலிகள் இறந்தன. இறந்த செல்லிலிருந்து ஏதோ ஒரு பொருள் உயிருள்ள செல்லுக்குச் சென்று காப்சூல் உருவாக்கும் திறனை அளித்துள்ளது. அப்பொருள் டி.என்.ஏ. என்பதை ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி ஆகியோர் 1944இல் நிறுவினர்.

4. செல் சுவர்

பாக்டீரியா செல்லினுள் கரைந்துள்ள பொருள்களின் செறிவு, பெரும்பாலும் வெளியிலுள்ள திரவத்தின் செறிவைவிட மிகுதி. ஆகவே சவ்வூடுபரவல் மூலம் நீர் ஓயாது உட்புக முனைகிறது. இதனால் எழும் உள்ளழுத்தத்தைத் தாங்கிச் செல் வெடித்துவிடாமல் காப்பதும், செல்லுக்கு வடிவம் தருவதும் செல் சுவரே ஆகும்.

செல் சுவரின் அடிப்படைப் பொருள் பெப்டிடோகிளைக்கான். இதில் என்-அசிட்டைல் குளுக்கோசமைன், என்-அசிட்டைல் மியூராமிக் அமிலம் ஆகிய இரு சர்க்கரை வழிப்பொருள்கள் மாறி மாறி இணைந்து நீண்ட சங்கிலிகளாக அமைந்துள்ளன. அடுத்தடுத்த சங்கிலிகளைக் குறுகிய பெப்டைடுகள் குறுக்காகப் பிணைக்கின்றன. இவ்வாறு செல் முழுவதையும் சூழ்ந்த ஒரே வலைப்பின்னல் உருவாகிறது.

செல் வளரும்போது இவ்வலையில் சில இணைப்புகள் அறுக்கப்பட்டுப் புதியவை சேர்க்கப்படுகின்றன. குறுக்குப் பிணைப்பை உண்டாக்கும் நொதியுடன் பெனிசிலின் இணைந்து அதனைச் செயலிழக்கச் செய்கிறது. அறுபட்ட இடம் மீண்டும் பிணைக்கப்படாததால் சுவர் வலுவிழக்கிறது; உட்புகும் நீரின் அழுத்தத்தால் செல் வெடிக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் செல்லில் மட்டுமே இந்நிகழ்வு நடைபெறும். எனவே வளர்ச்சியின்றி உறங்குநிலையில் உள்ள பாக்டீரியாக்கள் பெனிசிலினுக்குத் தப்பிவிடக்கூடும்.

> உங்களுக்குத் தெரியுமா?
> கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ள லைசோசைம் என்னும் நொதி, பெப்டிடோகிளைக்கானின் சர்க்கரைச் சங்கிலியையே அறுக்கவல்லது. இதனை 1922இல் உலகிற்கு அறிவித்தவர், பின்னர் 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் ஆவார்.

5. கிராம் சாயமேற்றல்

டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லினில் பணியாற்றியபோது, நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் உள்ள பாக்டீரியாக்களைத் தெளிவாகக் காண ஒரு முறையை வகுத்து 1884இல் வெளியிட்டார். சில பாக்டீரியாக்கள் சாயத்தை இழந்துவிட்டமையால், தம் முறை குறைபாடுடையது என்றே அவர் கருதினார். அவர் குறையாகக் கண்ட அவ்வேறுபாடே இன்று பாக்டீரியாக்களை இரு பெரும் பிரிவுகளாகப் பகுக்க உதவுகிறது.

இம்முறையின் படிநிலைகள் நான்கு. முதலில் படிக ஊதாச் சாயம் இடப்படுகிறது. அடுத்து இடப்படும் அயோடின், சாயத்துடன் சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகிறது. பின்னர் ஆல்கஹாலால் கழுவப்படுகிறது. இறுதியாக, பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட சஃப்ரானின் என்னும் சிவப்புச் சாயம் இடப்படுகிறது. தடித்த பெப்டிடோகிளைக்கான் அடுக்குள்ள செல்கள் ஊதா நிறத்தைத் தக்கவைத்துக்கொள்கின்றன; இவை கிராம் நேர் பாக்டீரியாக்கள். கிராம் எதிர் பாக்டீரியாக்களில் ஆல்கஹால் வெளிச்சவ்வின் கொழுப்பைக் கரைத்துவிடுகிறது. மெல்லிய பெப்டிடோகிளைக்கான் அடுக்கால் ஊதாச் சாயத்தைப் பிடித்துவைக்க இயலாது. எனவே அவை இளஞ்சிவப்பு நிறம் பெறுகின்றன.

| பண்பு | கிராம் நேர் | கிராம் எதிர் |
|---|---|---|
| பெப்டிடோகிளைக்கான் அடுக்கு | தடித்தது; பல அடுக்குகள் | மெல்லியது; ஓரிரு அடுக்குகள் |
| டெய்க்காயிக் அமிலம் | உண்டு | இல்லை |
| வெளிச்சவ்வு | இல்லை | உண்டு |
| லிப்போபாலிசாக்கரைடு | இல்லை | உண்டு |
| சாயமேற்றலின் முடிவு | ஊதா | இளஞ்சிவப்பு |
| எடுத்துக்காட்டு | ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் | எஸ்செரிசியா கோலை |

கிராம் எதிர் செல்லின் வெளிச்சவ்வு ஒரு கூடுதல் அரண் ஆகும். போரின் என்னும் புரதத் துளைகளின் வழியே சிறிய மூலக்கூறுகள் மட்டுமே உட்செல்ல முடியும். வான்கோமைசின் பெரிய மூலக்கூறு ஆதலால் இவ்வரணைக் கடக்க இயலாது. அம்மருந்து கிராம் நேர் பாக்டீரியாக்களுக்கே பயன்படுகிறது. வெளிச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடின் கொழுப்புப் பகுதி ஓர் அகநச்சு. செல் சிதையும்போது அது மிகுதியாகக் குருதியில் கலந்தால் கடும் காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்படலாம். இதனாலேயே தீவிர நோயாளியின் மாதிரியில் முதலில் கிராம் சாயமேற்றல் செய்யப்படுகிறது. சில நிமிடங்களில் கிடைக்கும் அம்முடிவு, மருத்துவர் முதல் மருந்தைத் தெரிவு செய்யத் துணைபுரிகிறது.

எல்லாப் பாக்டீரியாக்களும் இப்பகுப்பிற்குள் அடங்குவதில்லை. காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ், மைக்கோலிக் அமிலம் என்னும் மெழுகு போன்ற கொழுப்பைச் சுவரில் பெற்றுள்ளது. அதனைக் காண அமிலம் தாங்கும் சாயமேற்றல் என்னும் தனி முறை தேவை.

6. பிளாஸ்மா சவ்வு

செல் சுவருக்கு உட்புறமாகப் பாஸ்போலிப்பிடு ஈரடுக்காலும் புரதங்களாலும் ஆன பிளாஸ்மா சவ்வு அமைந்துள்ளது. இது பொருள்களைத் தேர்ந்து கடத்துகிறது. மைட்டோகாண்ட்ரியா இல்லாத பாக்டீரியாவில் சுவாசத்திற்குரிய எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி இச்சவ்விலேயே அமைந்துள்ளது. ஆகவே ஏ.டி.பி. உருவாகும் இடமும் இதுவே. சவ்வைச் சிதைக்கும் கோலிஸ்டின் என்னும் மருந்து சிறுநீரகத்தையும் பாதிக்கவல்லது. எனவே பிற மருந்துகள் பயன்படாத தொற்றுகளுக்கே அது பெரிதும் ஒதுக்கி வைக்கப்படுகிறது.

> சிந்தனைக்கு: மீசோசோம்
> பிளாஸ்மா சவ்வின் உள்மடிப்பான மீசோசோம் சுவாசத்திற்கும் செல் பிரிதலுக்கும் உதவும் உறுப்பு என நெடுங்காலம் கருதப்பட்டது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காகச் செல்களை வேதிப்பொருள்களால் பதப்படுத்தும்போது இம்மடிப்புகள் தோன்றின. வேதிப்பொருள் இன்றி விரைந்து உறையவைத்த செல்களில் அவை காணப்படவில்லை. எனவே மீசோசோம் இயல்பான உறுப்பன்று, பதப்படுத்தும் முறையால் விளைந்த தோற்றம் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

7. சைட்டோபிளாசமும் ரைபோசோம்களும்

சைட்டோபிளாசத்தில் நீர், நொதிகள், உப்புகள் ஆகியவற்றுடன் கிளைக்கோஜன், பாலிபாஸ்பேட் போன்ற சேமிப்புத் துகள்களும் உள்ளன. புரதச் சேர்க்கை நடைபெறும் ரைபோசோம்கள் ஆயிரக்கணக்கில் காணப்படுகின்றன. இவை 70எஸ் வகையைச் சார்ந்தவை. 50எஸ், 30எஸ் என்னும் இரு துணை அலகுகளால் ஆனவை. எஸ் என்பது வீழ்படிதல் வேகத்தைக் குறிக்கும் அலகு. அவ்வேகம் நிறையை மட்டுமன்றி வடிவத்தையும் பொறுத்தது ஆதலால், துணை அலகுகளின் எண்களைக் கூட்டினால் 70 வருவதில்லை.

மனிதச் செல்லின் சைட்டோபிளாசத்தில் உள்ளவை 80எஸ் ரைபோசோம்கள். இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தியே ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்கிளின் ஆகியவை 30எஸ் அலகையும், எரித்ரோமைசின் 50எஸ் அலகையும் தாக்குகின்றன. ஆயினும் மனித மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம்கள் பாக்டீரியாவினதைப் பெரிதும் ஒத்திருப்பதால், இத்தகைய மருந்துகள் சிலவற்றால் பக்கவிளைவுகளும் நேர்கின்றன.

> அறிவியல் அறிஞர்
> சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 30எஸ் துணை அலகின் முப்பரிமாண அமைப்பையும், உயிர் எதிர்ப்பொருள்கள் அதில் எங்கே பொருந்துகின்றன என்பதையும் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் மூலம் கண்டறிந்தார். ரைபோசோம் ஆய்விற்காகத் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் இவருக்கு 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

8. நியூக்ளியாய்டும் பிளாஸ்மிடும்

பாக்டீரியாவின் மரபுப்பொருள் உறையின்றிச் சைட்டோபிளாசத்தில் செறிந்துள்ள பகுதி நியூக்ளியாய்டு எனப்படும். பெரும்பாலான பாக்டீரியாக்களில் அது வட்ட வடிவமான ஒரே டி.என்.ஏ. மூலக்கூறு. எஸ்செரிசியா கோலையின் டி.என்.ஏ. ஏறத்தாழ 46 இலட்சம் கார இணைகளைக் கொண்டது. அதனை நீட்டினால் சுமார் 1.6 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதாவது செல்லின் நீளத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. முறுக்கேறிய சுருள்களாக மடிந்திருப்பதாலேயே அது செல்லினுள் அடங்குகிறது. இம்முறுக்கைச் சீர்செய்யும் டி.என்.ஏ. கைரேஸ் என்னும் நொதியே சிப்ரோஃபிளாக்சசின் மருந்தின் இலக்கு.

முதன்மை டி.என்.ஏ.வைத் தவிர, தானே இரட்டிப்படையக்கூடிய சிறிய வட்ட டி.என்.ஏ.க்களும் பல பாக்டீரியாக்களில் உள்ளன. இவை பிளாஸ்மிடுகள். 1952இல் இப்பெயரைச் சூட்டியவர் ஜோஷுவா லெடர்பெர்க். செல் உயிர்வாழ இவை எப்போதும் தேவைப்படுவதில்லை. ஆனால் மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் பெரும்பாலும் இவற்றிலேயே இடம்பெறுகின்றன.

9. கசையிழைகளும் நுண்ணிழைகளும்

கசையிழை பாக்டீரியாவின் இடப்பெயர்ச்சி உறுப்பு. இது அடிப்பகுதி, கொக்கி, ஃபிளாஜெல்லின் புரதத்தாலான இழை என மூன்று பகுதிகளைக் கொண்டது. யூகேரியோட்டிக் செல்லின் கசையிழை வளைந்து அசைகிறது. பாக்டீரியாவின் கசையிழையோ அடிப்பகுதியிலிருந்து சுழல்கிறது. எஸ்செரிசியா கோலையில், சவ்வின் வழியே உட்புகும் புரோட்டான்களின் ஓட்டம் இச்சுழற்சிக்கு ஆற்றல் தருகிறது. இழைகள் இடஞ்சுழியாகச் சுழலும்போது ஒரே கற்றையாகச் சேர்ந்து செல்லை முன்னே செலுத்துகின்றன. வலஞ்சுழியாகச் சுழலும்போது கற்றை பிரிந்து செல் திசை மாறுகிறது. காலரா பாக்டீரியாவில் ஒரு முனையில் ஒரே கசையிழையும், எஸ்செரிசியா கோலையில் செல்லைச் சுற்றிலும் பல கசையிழைகளும் உள்ளன.

ஃபிம்பிரியே என்பவை பரப்புகளில் ஒட்டிக்கொள்ள உதவும் குட்டையான நுண்ணிழைகள். சிறுநீர்ப் பாதைத் தொற்றை உண்டாக்கும் எஸ்செரிசியா கோலை, சிறுநீரின் ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் பற்றிக்கொள்வது இவற்றாலேயே. பால் பைலஸ் என்பது சற்று நீண்ட நுண்ணிழை. இது இரு செல்களை இணைத்து, பிளாஸ்மிடின் நகல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வழிசெய்கிறது. இந்நிகழ்வு இணைவு எனப்படும்.

10. அகவித்து

பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் போன்ற சில கிராம் நேர் பாக்டீரியாக்கள் உணவு குறையும்போது செல்லினுள் தடித்த உறைகளுடைய அகவித்தை உருவாக்குகின்றன. நீர்ச்சத்துக் குறைவும் கால்சியம் டைபிக்கோலினேட்டும் அகவித்துக்கு வெப்பம் தாங்கும் திறனை அளிக்கின்றன. ஒரு செல்லிலிருந்து ஒரே அகவித்து தோன்றுவதால் இது இனப்பெருக்க முறையன்று. தப்பிப் பிழைக்கும் முறையே ஆகும். இரணஜன்னியை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டெட்டானியின் அகவித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் இருக்கவல்லவை. கொதிநீர் அகவித்துகளை உறுதியாக அழிப்பதில்லை. ஆகவேதான் அறுவைக் கருவிகள் அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் குறைந்தது 15 நிமிடங்கள் வைக்கப்படுகின்றன.

11. எதிர்ப்புத்திறன்: பாக்டீரியாவின் மறுமொழி

மருந்தின் இலக்காக அமையும் பகுதிகளில் ஏற்படும் மாற்றங்களே பாக்டீரியாவிற்குத் தற்காப்பாகவும் அமைகின்றன. இத்தற்காப்பு நான்கு வழிகளில் நிகழ்கிறது.

1. மருந்தைச் சிதைத்தல்: சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் நொதியால் பெனிசிலினைச் சிதைக்கின்றன. இத்தகைய நொதி, பெனிசிலின் பரவலான பயன்பாட்டிற்கு வருமுன்னரே, 1940இல் அறியப்பட்டது.
2. இலக்கை மாற்றுதல்: மெத்திசிலினை எதிர்க்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், மருந்து எளிதில் இணைய முடியாத மாற்று நொதியைக் கொண்டு சுவரைக் கட்டுகிறது. இத்தகைய பாக்டீரியா குறித்த செய்தி 1961இலேயே வெளியாயிற்று.
3. நுழைவைத் தடுத்தல்: கிராம் எதிர் பாக்டீரியாக்கள் போரின் துளைகளைக் குறைத்துக்கொள்கின்றன.
4. வெளியேற்றுதல்: சவ்விலுள்ள புரத ஏற்றிகள் உட்புகுந்த மருந்தை வெளியே தள்ளுகின்றன.

கோடிக்கணக்கான செல்கள் பெருகும்போது, இத்தகைய திறனுடைய செல் ஒன்று தற்செயலான மரபணு மாற்றத்தால் தோன்றக்கூடும். மருந்து பிற செல்களை அழித்துவிட, அச்செல் போட்டியின்றிப் பெருகுகிறது. எதிர்ப்பு மரபணு பிளாஸ்மிடில் இருப்பின், இணைவின் மூலம் வேறு இனப் பாக்டீரியாவிற்கும் அது சென்று சேர்கிறது. குறைந்த அளவு மருந்து நுண்ணுயிர்களை எதிர்ப்புத்திறன் பெறச் செய்யும் எனப் பிளெமிங் 1945ஆம் ஆண்டு தம் நோபல் உரையிலேயே எச்சரித்தார்.

ஆன்டிபயாடிக் என மக்கள் வழக்கில் வழங்கும் இம்மருந்துகளை மருத்துவரின் பரிந்துரையின்றி வாங்குவதும், வைரஸ் காய்ச்சலுக்கு உட்கொள்வதும், பிறருக்குக் கொடுத்த மாத்திரையைப் பயன்படுத்துவதும், மருத்துவர் கூறிய அளவையும் நாள்களையும் தாமாகவே மாற்றுவதும் தவிர்க்கப்பட வேண்டும். ஒருவரின் தவறான பயன்பாட்டால் உருவாகும் எதிர்ப்புத்திறன் அவரோடு நின்றுவிடுவதில்லை. நாளை அதே மருந்தை நம்பியிருக்கும் பச்சிளங்குழந்தையையும் அறுவை சிகிச்சை பெறுபவரையும் அது பாதிக்கும்.

செயல்பாடுகள்

1. நீர்த்த தயிரின் ஒரு துளியைக் கண்ணாடி வில்லையில் பரப்பி உலர்த்தி, ஆசிரியரின் மேற்பார்வையில் கிராம் சாயமேற்றல் செய்க. லாக்டோபேசில்லஸ் செல்களின் நிறத்தையும் வடிவத்தையும் படம் வரைந்து குறிக்க.
2. இந்தியாவில் உயிர் எதிர்ப்பொருள் மாத்திரை அட்டைகளில் செங்குத்தான சிவப்புக் கோடு அச்சிடப்படுகிறது. வீட்டிலுள்ள வெற்று மாத்திரை அட்டைகளில் அக்கோடு உள்ளதா எனக் கண்டு, அதன் பொருளைக் குடும்பத்தினருக்கு எடுத்துரைக்க.

பாடச் சுருக்கம்

பாக்டீரியா, உட்கரு உறையற்ற புரோகேரியோட்டிக் செல். காப்சூல் பாதுகாப்பும், செல் சுவர் வடிவமும், பிளாஸ்மா சவ்வு ஆற்றலும், ரைபோசோம் புரதமும், நியூக்ளியாய்டு மரபுச் செய்தியும் அளிக்கின்றன. பெப்டிடோகிளைக்கானும் 70எஸ் ரைபோசோமும் மனிதச் செல்லின் அமைப்பிலிருந்து வேறுபடுவதால் மருந்துகளுக்கு ஏற்ற இலக்குகளாகின்றன. பிளாஸ்மிடுகள் மருந்து எதிர்ப்புத்திறனைச் செல்லுக்குச் செல் கடத்துகின்றன.

மதிப்பீடு

1. மைக்கோபிளாஸ்மாத் தொற்றுக்குப் பெனிசிலின் பயன்படாது. ஆனால் எரித்ரோமைசின் பயன்படக்கூடும். செல்லின் அமைப்பைக் கொண்டு காரணம் கூறுக.
2. கிராம் சாயமேற்றலில் ஆல்கஹால் கொண்டு கழுவும் படிநிலையை மறந்துவிட்டால், கிராம் எதிர் பாக்டீரியா எந்நிறத்தில் தோன்றும்? ஏன்?
3. அகவித்து உருவாதலை இனப்பெருக்கம் எனக் கூற இயலாதது ஏன்?
4. மீசோசோம் குறித்த கருத்து மாறியதிலிருந்து அறிவியல் முறை பற்றி நீவிர் அறிவது யாது?
5. பாக்டீரியா செல்லின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க. ஒவ்வோர் உயிர் எதிர்ப்பொருளும் தாக்கும் பகுதியை அம்புக்குறியிட்டுக் காட்டுக.
6. ‘ஒருவர் உட்கொள்ளும் மருந்து ஊராரின் நலத்தையும் பாதிக்கும்’ என்னும் கூற்றைப் பிளாஸ்மிடு, இணைவு ஆகியவற்றின் துணைகொண்டு விளக்குக.